நூல் எழுதுவோர் கேள்விகள்: கண்மாய்க் குறிப்பு முதல் அச்சுப் பாரம் வரை

மனதில் இருக்கும் விஷயத்தைப் புத்தகமாக்குவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் பகுதிக் கண்மாய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத நெடுநாள் ஆசை. பெரியவர்கள் சொன்னது, செய்தித்தாள் நறுக்குகள், செல்போனில் எடுத்த படங்கள் என்று நிறையச் சேர்த்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?
வாசகர், சிவகங்கை

'எங்கள் பகுதிக் கண்மாய்கள்' என்பது பெரிய பொருள். அதில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதை அந்தப் பொருள் உங்களுக்குச் சொல்லாது. அதனால்தான் கை நகரவில்லை. உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு கேள்வி. உதாரணத்துக்கு, 'நல்ல மழை பெய்த வருடத்திலும் எங்கள் கண்மாய் ஏன் நிரம்பி மறுகால் போவதில்லை?' என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே வேலை பிரிந்து நிற்கும். வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டது? மேலே இருக்கும் கண்மாயின் கலுங்கை (மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் இடம்) யாராவது உயர்த்திக் கட்டினார்களா? உள்வாயில் எவ்வளவு மண் மேடிட்டிருக்கிறது? மடை திறக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அந்த முறை எப்போது நின்றது? ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம் ஆகும். ஊர்த் திருவிழா பற்றிய குறிப்பு, இந்தக் கேள்விக்கு ஏதாவது பதில் சொன்னால் உள்ளே வரட்டும். சொல்லாவிட்டால் அது வேறொரு கட்டுரைக்கு ஆகட்டும்.

கேள்வியை இரண்டு வரிக்குள் எழுதிப் பாருங்கள். அதன் பதிலையும் ஐந்து பக்கத்தில் சொல்லி முடிக்க முடிந்தால் அது பத்திரிகைக் கட்டுரைக்கான விஷயம். அப்படி இருப்பதில் குறை ஒன்றுமில்லை. கட்டுரையாக எழுதி அனுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அடுத்தது, சேர்த்ததை அடுக்குவது. நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் ஐந்து பத்தி கோடு போடுங்கள்: வரிசை எண், என்ன தகவல், யார் சொன்னது அல்லது எங்கே கிடைத்தது, தேதி, எந்த அத்தியாயம். ஒவ்வொரு நறுக்குக்கும் படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். கணினியில் எக்செல் பழக்கம் இருந்தால் அதிலேயே செய்யலாம். முடித்தபின் ஐந்தாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். ஓர் அத்தியாயத்துக்கு நாற்பது தகவல் இருக்கும், இன்னொன்றுக்கு இரண்டுதான் இருக்கும். அந்த இரண்டு இருக்கும் இடத்துக்குத்தான் நீங்கள் இன்னும் அலைய வேண்டும். பலர் நாற்பது இருக்கும் இடத்துக்கே மேலும் மேலும் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். தகவல் எளிதாகக் கிடைக்கும் இடம் அது என்பதால் அப்படி ஆகிறது. நூல் வருடக்கணக்கில் இழுப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

வாய்மொழித் தகவலை மட்டும் நம்பி எழுதாதீர்கள். ஒருவர் 'கலுங்கை உடைச்சது பெரிய மழை வந்த வருசம்' என்பார், மற்றவர் வேறு வருடம் சொல்வார். ஆவணம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடும் புலப்படங்களும் இருக்கும். கண்மாயின் புல எண், பரப்பு, அது எந்த வகை நிலமாகப் பதிவாகியிருக்கிறது என்பது அதில் தெரியும். கொள்ளளவு, ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு), மடைகளின் எண்ணிக்கையை நீர்வளத் துறையிடமோ, சிறிய கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடமோ கேளுங்கள். நேரில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'கண்மாய் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. புல எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை மராமத்துக்குச் செலவிட்ட தொகையின் நகல் என்று குறுக்கிக் கேளுங்கள். பழைய ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய இதழ்களுக்கும் சிறுவெளியீடுகளுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்களுடையது ஜமீன் பகுதியாக இருந்த சீமை. ஆகவே 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய காலத்துக்கு ஜமீன் கணக்குகளையும் தண்ணீர் வழக்குகளின் தீர்ப்புகளையும் தேடுங்கள். கண்மாய்ச் சண்டை நீதிமன்றம் போயிருந்தால், இரு தரப்பும் பழைய வழக்கத்தை விரிவாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைப்போல் நல்ல சான்று கிடைப்பது அரிது.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் 'ஏரி வாரியம்' (ஏரியைக் கவனிக்கும் குழு) பற்றி ஓர் எச்சரிக்கை. நீர்நிலை பற்றிய நூல்களில் அது தவறாமல் வந்துவிடும். அது 10ஆம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், தொண்டை மண்டலத்துப் பிராமண ஊர்ச்சபை ஒன்று செய்துகொண்ட ஏற்பாடு. அதை எடுத்து உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பொருத்திவிட்டால் விஷயம் தெரிந்தவர்கள் நூலை அங்கேயே மூடிவிடுவார்கள். உங்கள் ஊரில் நீர்பாய்ச்சி என்று யார் இருந்தார், அறுப்பின்போது அவருக்கு எத்தனை கட்டு கொடுத்தார்கள் என்று நீங்கள் கண்டுபிடிப்பதுதான் வேறு எந்த நூலிலும் இல்லாத செய்தி.

பெரியவர்களிடம் பேசும்போது செல்போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும். முதலில் உங்கள் குரலில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். நூலில் பயன்படுத்தச் சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதிலும் பதிவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கரைமேல் நின்று பேசினால் காற்றுச் சத்தம்தான் பதிவாகும். கரையில் நடந்து இடங்களைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால் அன்றன்றைக்கே இறக்கிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் யார் எதைக் கைகாட்டி 'அந்தா அந்த மடை' என்றார் என்பது மறந்துபோகும்.

முன்னுரையிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். உங்கள் நோட்டில் தகவல் அதிகமுள்ள அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். மூவாயிரம் சொல் வந்துவிட்டால் நூலின் குரல் பிடிபட்டுவிடும். முன்னுரை கடைசியில் அரை நாள் வேலை.

ஒரு புத்தகத்துக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்?
வாசகி, திருச்சி

பக்கத்தை விட்டுச் சொற்களை எண்ணுங்கள். தமிழில் பெரும்பாலான நூல்கள் டெமி 1/8 அளவில் வருகின்றன. சுமார் எட்டரை அங்குல உயரம், ஐந்தரை அங்குல அகலம். 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு 30 வரி, வரிக்கு ஏழு சொல் என்று வைத்தால் 210 சொல் பிடிக்கும். அதைவிடச் சிறிய கிரௌன் 1/8 அளவு என்றால் ஏறக்குறைய 150.

35,000 சொல் எழுதினால் டெமியில் 167 பக்கம் வரும். அத்தியாயங்களைப் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் ஐந்து பக்கம் கூடும். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், பொருளடக்கம், முன்னுரைக்கு எட்டு. ஆக 180. ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு பாரம். 180 என்பது 11 பாரமும் மிச்சம் 4 பக்கமும். அந்த நான்குக்காக அரைப் பாரம் ஓட்டி 184 ஆக்கலாம், அல்லது நாலு பக்கத்தைக் குறைத்து 176இல் நிறுத்தலாம். வடிவமைப்பவர் எழுத்தைச் சுருக்கித் திணிப்பதைவிட நீங்களே 800 சொல்லை வெட்டிக் கொடுப்பது கண்ணுக்கும் நல்லது, நூலுக்கும் நல்லது. எந்தக் கைப்பிரதியிலும் அந்த அளவுக்குச் சொன்னதையே சொன்ன இடங்கள் இருக்கும். டிஜிட்டல் அச்சில் சில நூறு படிகள் மட்டும் போடுவதாக இருந்தால் பாரக் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருக்காது.

அம்மாவின் சமையல் குறிப்புகள் மூன்று நோட்டில் இருக்கின்றன. அப்படியே தட்டச்சு செய்து நூலாக்கலாமா?
வாசகி, காரைக்குடி

அப்படியே போட்டால் அந்தக் குழம்பை உங்கள் வீட்டார் மட்டும்தான் வைக்க முடியும். 'புளி எலுமிச்சை அளவு', 'உப்பு தேவைக்கு', 'ஒரு ஆழாக்கு அரிசி' என்றெல்லாம் அதில் இருக்கும். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று, உழக்கு நாலில் ஒன்று. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. அம்மா அளந்த அதே ஆழாக்கு வீட்டில் இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி லிட்டர். புளியை அம்மாவையே உருட்டச் சொல்லி, நிறுத்து கிராமில் எழுதுங்கள். உப்பு, மிளகாய், வெல்லம் மூன்றையும் கட்டாயம் நிறுக்க வேண்டும். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

அடுத்து, அந்தச் சமையல் தெரியாத ஒருவரிடம் தட்டச்சுப் பிரதியைக் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் அடுப்பின் வேகமும் பாத்திரத்தின் தடிமனும் விட்டுப்போயிருக்கும். 'வதக்கவும்' என்பதற்குப் பதில் 'வெங்காயம் ஓரம் சிவக்கும் வரை, நடுத்தரத் தீயில்' என்று எழுதினால் சந்தேகம் வராது.

மூன்று நோட்டும் உள்ளே போக வேண்டியதில்லை. சாம்பார், ரசம், இட்லிப் பொடிக்கு ஏற்கெனவே எத்தனையோ நூல்கள். உங்கள் வீட்டில் மட்டும் செய்பவை, விசேஷத்துக்கு மட்டும் செய்பவை, இன்று யாரும் செய்யாதவை என்று ஐம்பதைப் பொறுக்குங்கள்.

நாவல் எழுதுகிறேன். மூன்று அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. திட்டம் தெளிவாக இருக்கிறது, ஆனால் எழுத வரவில்லை.
வாசகர், கோயம்புத்தூர்

எழுதிய மூன்று அத்தியாயத்தையும் படித்து, பின்கதை சொல்லும் பத்திகளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தாத்தா எப்படி ஊரைவிட்டு வந்தார், சொத்து எப்படிப் போனது, அண்ணன் ஏன் பேசுவதில்லை என்பதெல்லாம் அங்கேயே கொட்டப்பட்டிருக்கும். வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பாத்திரங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்க எதுவும் மிச்சமில்லை. கதை நகராமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணமாக இருக்கிறது. கோடு போட்ட பத்திகளை வெட்டித் தனிக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றையும் யார், யாரிடம், எந்தக் கட்டத்தில் வேறு வழியில்லாமல் சொல்ல நேரும் என்று பாருங்கள். அந்த இடங்கள்தான் உங்கள் அடுத்த அத்தியாயங்கள்.

கூடவே ஒரு காலக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மாதம், நடுவில் சம்பவம், வலப்பக்கம் ஒவ்வொருவரின் வயது. ஐப்பசி அடைமழையில் தொடங்கிய பயணம் நாலு நாளில் முடிந்து, வந்து இறங்கும்போது களத்தில் தை அறுப்பு நடந்துகொண்டிருக்கும் பிழை அச்சான நாவல்களிலேயே உண்டு. பேச்சு வழக்குக்கும் ஒரு தாள் வேண்டும். ஒரு பாத்திரம் முதல் பக்கத்தில் 'வந்துட்டேனுங்க' என்று பேசினால் நூறாவது பக்கத்தில் காரணமில்லாமல் 'வந்திட்டேன்' என்று மாறக் கூடாது.

முகநூலில் ஐந்து வருடமாக எழுதிய பதிவுகளைத் தொகுத்தால் புத்தகம் ஆகுமா?
வாசகர், மதுரை

ஆகும், பாதிக்கு மேல் தள்ளத் தயாராக இருந்தால். பதிவு தனியாக நிற்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் உங்களையும் விஷயத்தையும் மறுபடி அறிமுகம் செய்திருப்பீர்கள். அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அது சலிக்கும். 'நேற்று அமைச்சர் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள்' என்பது போன்ற வரிகளுக்கு இன்று பொருள் இல்லை. எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரையில் பரப்பி, ஒரே கேள்வியைச் சுற்றி வருபவற்றை ஒன்றாகச் சேருங்கள். எந்தக் குவியல் பெரியதோ அதுதான் உங்கள் நூல். அந்தக் குவியலைத் திருப்பி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். ஒட்டுப்போட்டுத் தைத்த தொகுப்பு எடுபடுவதில்லை.

அத்தியாயத் தலைப்புக்குக் கீழே கவிதை வரிகளும் திரைப்பாடல் வரிகளும் போட விரும்புகிறேன். அனுமதி வேண்டுமா?
வாசகி, சேலம்

இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1964இல் மறைந்த பாரதிதாசனை எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு 2024 டிசம்பரோடு முடிந்தது. அவருடைய படைப்புகளைத் தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பாரதியாரின் வரிகளுக்கும் தடையில்லை. ஆனால் ஒரு பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய குறிப்பும் உரையும் அவருக்குச் சொந்தம். மூலத்தை எடுக்கலாம், அவற்றை எடுக்கக் கூடாது.

திரைப்பாடல் விஷயத்தில் கவனம் தேவை. ஒரு பாடலை விமர்சித்து எழுதும்போது நியாயமான அளவுக்கு மேற்கோள் காட்டச் சட்டம் இடம் தருகிறது. தலைப்புக்குக் கீழே அழகுக்காக வைப்பதை விமர்சனம் என்று சொல்ல முடியாது. எழுத்துபூர்வ அனுமதி கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நாட்டுப்புறப் பாடல் என்றால் பாடியவர் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு போடுவதே மரியாதை.

தட்டச்சு செய்த கோப்பில் பிழை திருத்தியும் திருத்தியும் தீரவில்லை. என்ன செய்வது?
வாசகர், நாகர்கோவில்

பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பாக இருக்கும் என்று ஊகிக்கிறோம். அப்படியானால் சில பிழைகள் கண்ணுக்கே தெரியாது. கால் (ா) வர வேண்டிய இடத்தில் 'ர' என்ற எழுத்து இருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் சேர்ந்து 'கெளரவம்' என்று இருக்கும். தேடினால் கிடைக்காது, எழுத்துருவை மாற்றினால் உடைந்து நிற்கும். இவற்றைத் தேடி மாற்றும் கட்டளையால் முதலில் தீர்த்துவிட்டு அப்புறம் மெய்ப்புப் பாருங்கள்.

மெய்ப்பை மூன்று சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் பெயர், தேதி, எண் மட்டும். இரண்டாவதில் ஒற்றும் ர-ற, ந-ன-ண, ல-ள-ழ குழப்பங்களும். மூன்றாவதை வேறொருவர் பார்க்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தால் சுவையான பகுதிகளில் கண் ஓடிவிடும், பிழை அங்கேயே தங்கும். 'இராமநாதபுரம்' அல்லது 'ராமநாதபுரம்', 'வருடம்' அல்லது 'ஆண்டு' என எதை ஏற்றீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மெய்ப்பு பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். 4 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாக 1200 பிக்சல் வேண்டும்.

பதிப்பகத்துக்கு எதை அனுப்புவது? ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?
வாசகி, வேலூர்

முழுக் கைப்பிரதியைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். நூல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு பக்கம், அத்தியாயப் பட்டியல், இரண்டு மாதிரி அத்தியாயம், மொத்தச் சொற்கள், படங்களின் எண்ணிக்கை, உங்களைப் பற்றி ஐந்து வரி போதும். மாதிரியாக முதல் அத்தியாயத்தையும் நடுவில் உள்ள ஒன்றையும் கொடுங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் மெருகேற்றியிருப்பார்கள் என்பது பதிப்பாசிரியருக்குத் தெரியும். ஜனவரியில், புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசியின் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் அக்டோபரிலிருந்து பதிப்பகங்களில் யாருக்கும் நேரம் இருக்காது. பிப்ரவரிக்குப் பிறகு அனுப்புவது நல்லது.

ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 'எல்லா வடிவங்களிலும்' என்ற ஒற்றை வரிக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உரிமைத்தொகை விலையில் 10 சதவீதம் என்பது தமிழில் பரவலான வழக்கம். அட்டை விலையிலா, கழிவு போக வந்த தொகையிலா, நூலகங்கள் வாங்கும் படிகளுக்கும் உண்டா, கணக்கு எந்த மாதம் வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் பணம் கேட்டால் அது அச்சிட்டுக் கொடுக்கும் சேவை. அதில் தவறில்லை, ஆனால் அப்போது உரிமையும் அச்சான படிகளும் வடிவமைத்த மூலக்கோப்பும் உங்களிடமே இருக்க வேண்டும். மூலக்கோப்பைத் தர மறுத்தால் இரண்டாம் பதிப்புக்கு மறுபடி முதலிலிருந்து செலவு செய்ய நேரும்.

சொந்தமாக வெளியிட்டால் ஐ.எஸ்.பி.என். (சர்வதேசத் தர நூல் எண்) வாங்க முடியுமா?
வாசகர், புதுச்சேரி

முடியும். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். மறு அச்சுக்குப் பழைய எண் போதும். திருத்திய பதிப்புக்குப் புது எண். வெளியிட்ட 30 நாளுக்குள் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போதே அந்த நான்கு படிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.